மணி கோக்கும் ஊசியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சுங்க அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

இறக்குமதிச் சரக்குகளுக்கு வகைப்பாட்டு எண் தீர்மானிக்கும் சுங்க அதிகாரிகளுக்கும், சுங்கக் கட்டண அட்டவணையைத் திருத்தி எழுதும் வாரியத்தாருக்கும்:

மூன்று ஆண்டுகளில் எங்களுக்கு மூன்று பார்சல்கள் வந்தன. மூன்றிலும் இருந்தது ஒரே பொருள், மணி கோக்கும் எஃகு ஊசி. அனுப்பியவரும் ஒருவரே. பில்லில் எழுதியிருந்த சொற்கள்கூட மாறவில்லை. முதல் பார்சல் கை ஊசி என்று, சுங்கக் கட்டண அட்டவணையில் பொருள் வகைகளுக்குத் தரப்படும் நான்கு இலக்க எண்களில் ஒன்றான 7319-ஆம் தலைப்பில் வந்து சேர்ந்தது. இரண்டாவது பார்சல் தையல் இயந்திர ஊசி என்று 8452-க்கு மாற்றப்பட்டது. மூன்றாவது பார்சலைக் கவரிங் நகை வகையைச் சேர்ந்த பொருள் என்று 7117-இல் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பார்சல் இன்றோடு 23 நாட்களாகக் கிடங்கில் இருக்கிறது. கிடங்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. இங்கே புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பத்தில் எட்டுப் பெண்கள் ஊசி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று நான் எழுதப்போவதில்லை. ஒருவர் மாறி இன்னொருவர் வந்தால் தீர்ந்துபோகிற பிரச்சினையாக இருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. ஒரே ஊசிக்கு மூன்று பெயர் வைக்க இடம் கொடுக்கிற நிலை இருக்கிறது. அதைத்தான் மாற்றக் கேட்கிறேன்.

நான் 22 ஆண்டுகளாக மணிவேலை செய்கிறேன். கைப்பை, பர்ஸ், ரவிக்கைக்கான மணிப்பட்டை, கழுத்துப் பட்டை ஆகியவை எங்கள் வேலை. ஆரி வேலை வேறு. அதற்கு மரப்பிடி போட்ட கொக்கி ஊசி, துணியை விறைப்பாக இழுத்துக் கட்டிய சட்டம் எல்லாம் வேண்டும். எங்கள் வேலைக்குச் சட்டமும் வேண்டாம், பல நேரம் துணியும் வேண்டாம். மணியை மணியோடு நூலால் கட்டி, மணியாலேயே ஒரு துணி நெய்வது போன்ற வேலை அது. ஊசி, நூல், மெழுகு, மணி, இவ்வளவுதான் எங்கள் தொழிற்சாலை. அதில் ஊசி போய்விட்டால் தொழிற்சாலையே மூடியாயிற்று.

அந்த ஊசியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளம். எண் கூடக் கூட ஊசி மெலியும். 10-ஆம் எண் ஊசியே அரை மில்லிமீட்டர் தடிமன்தான். நாங்கள் அதிகம் புழங்கும் 12-ஆம் எண் அதைவிடவும் மெல்லியது. வீட்டில் பொத்தான் தைக்கும் ஊசியைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பாருங்கள், காதுப் பக்கம் சற்றுப் பருத்திருக்கும். மணி ஊசியில் அந்தப் பருமன் இருக்காது. நுனியிலிருந்து காதுவரை ஒரே தடிமனாக இருக்கும்படி, காதை நீளமாகவும் தட்டையாகவும் செய்திருப்பார்கள். அந்த ஊசியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

மணியிலும் எண் கூடினால் அளவு குறையும். 11-ஆம் எண் மணி சுமார் 2 மில்லிமீட்டர், 15-ஆம் எண் மணி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அதன் நடுவில் உள்ள துளை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்தத் துளைக்குள் நூல் ஒருமுறை போனால் போதாது. குறைந்தது இரண்டு முறை போகும். ஓரங்களில் மூன்று, நான்கு முறை போகும். ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் நூலை ஒதுக்கிக்கொண்டு ஊசி நுழைந்தாக வேண்டும்.

எங்கள் குழுவில் மூத்தவருக்கு 61 வயது. நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நூல் கோப்பதைப் பார்க்க வேண்டும். நூல் நுனியைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுப்பார். கட்டை விரல் நகத்தால் அதைத் தட்டையாக்குவார். பிறகு இரண்டு விரல்களுக்கு நடுவே நூலை முழுவதும் மறைத்துவிடுவார், ஒரு புள்ளி மட்டும் வெளியே தெரியும். அந்தப் புள்ளியின் மேல் ஊசியின் காதை வைத்து அழுத்துவார். நூல் தானாக உள்ளே ஏறிவிடும். "நூலை ஊசிக்குக் கொண்டு போகாதே, ஊசியை நூலுக்குக் கொண்டு வா" என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர் அவர்தான். கண் புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் அந்தக் கை தவறவில்லை.

பார்சல் கிடங்கில் நின்ற இரண்டாவது வாரம், ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ஆறு பர்ஸுகளில் நான்காவதை அக்கா முடித்துக்கொண்டிருந்தார். கைவசம் இருந்த கடைசி 12-ஆம் எண் ஊசி வில்லாக வளைந்து, அன்று மதியம் ஒடிந்துவிட்டது. மணி ஊசி ஒடிவது தவறில்லை. அந்த மெலிவுக்கு அது வளையும், ஒடியும், அதனால்தான் மறுபடி மறுபடி வாங்குகிறோம். நேரு வீதிக் கடைகளில் ஏறி இறங்கினோம். கிடைத்தது 10-ஆம் எண் ஊசிதான். அதை வைத்துக்கொண்டு ஓரத்தை முடிக்கப் பார்த்தார். மூன்றாவது முறை நுழையும்போது ஊசி மணிக்குள் சிக்கியது. சிறிய இடுக்கியால் பிடித்து இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம்தான், நடு வரிசையில் ஒரு மணி உடைந்து இரண்டு துண்டாகத் துணியில் விழுந்தது. உடைந்த கண்ணாடியின் விளிம்பு உள்ளே இருந்த நூலையும் அறுத்துவிட்டது. ஓரத்தில் உடைந்திருந்தால் ஒட்டுப்போட்டிருக்கலாம். நடுவில் உடைந்ததால் ஒன்பது நாள் வேலையைப் பிரித்தோம். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பிரித்த மணிகளை எண் வாரியாகக் கிண்ணங்களில் போட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

உங்கள் கோப்பில் இந்த விவரம் எதுவும் இருக்காது. 'வகைப்பாடு மறுபரிசீலனையில்' என்ற ஒரே ஒரு சொற்றொடர்தான் இருக்கும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். எண்களைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. புரிந்தவரை சொல்கிறேன், தவறு இருந்தால் எழுத்தில் திருத்துங்கள்.

7319-ஆம் தலைப்பு என்ன சொல்கிறது? தையல் ஊசி, பின்னல் ஊசி, நாடா கோக்கும் ஊசி, குரோஷே கொக்கி, பூவேலைக்கான துளையூசி, இவை போன்ற, கையால் பயன்படுத்தும் இரும்பு அல்லது எஃகுப் பொருட்கள் என்கிறது. அந்தத் தலைப்பு கேட்பது இரண்டே கேள்விகள்: இரும்பிலோ எஃகிலோ செய்ததா? கையால் பயன்படுத்துவதா? எங்கள் ஊசி இரண்டுக்கும் ஆம் என்கிறது. நூலை இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் வேலை. துணிக்குள் போனால் தையல் ஊசி, மணிக்குள் போனால் நகை என்று அந்தத் தலைப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை. வகைப்பாட்டின் பொது விதிகளில் முதல் விதியே, தலைப்பின் சொற்களையும் பகுதி, அத்தியாயக் குறிப்புகளையும் வைத்து முடிவு செய் என்பதுதான்.

8452-இல் வைத்தது ஏன் தவறு என்பதற்குச் சட்டப் புத்தகம்கூட வேண்டாம், இரண்டு ஊசிகளையும் அருகருகே வைத்தால் போதும். இயந்திர ஊசிக்குக் காது நுனியின் பக்கத்தில் இருக்கும். அடிப்பகுதி பருத்து இருக்கும். இயந்திரத்தில் மாட்டித் திருகால் இறுக்குவதற்காக. மணி ஊசிக்குக் காது மறுமுனையில். இறுக்கிப் பிடிக்க அடிப்பகுதியே கிடையாது. எந்த இயந்திரத்திலும் அதை மாட்ட முடியாது. தையல் வகுப்புக்கு முதல் நாள் வரும் பெண்ணுக்கே இது தெரியும்.

7117 இன்னும் வருத்தம் தருகிறது. அந்தத் தலைப்பு உடலில் அணியும் அலங்காரப் பொருட்களுக்கானது. 71-ஆம் அத்தியாயத்தின் குறிப்பிலேயே அது விளக்கப்பட்டிருக்கிறது. ஊசியை யாரும் அணிவதில்லை. வேலை முடிந்ததும் ஊசி டப்பாவுக்குத் திரும்பிவிடுகிறது, பர்ஸோடு அது போவதே இல்லை. உளியைச் சிற்பத்தின் பாகம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். பில்லில் 'மணி' என்ற சொல் இருந்ததால்தான் இப்படி ஆகியிருக்க வேண்டும் என்று எங்கள் சுங்க ஏஜெண்ட் சொல்கிறார். அப்படியானால் பார்சலைத் திறந்து பார்த்தவர் யார்? கண்ணாடி மணிக்கு 7018 என்று தனி இடம் இருக்கிறது. மணி என்று நினைத்திருந்தால்கூட அந்த எண்ணுக்கு அல்லவா போயிருக்க வேண்டும்?

"சில நூறு ரூபாய் வித்தியாசம்தானே, கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்" என்று எங்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். 2011 முதல் சுயமதிப்பீட்டு முறை இருக்கிறது. வரியை நானே கணக்கிட வேண்டும். சரக்கைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று சுங்கச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி நானே உறுதி அளிக்க வேண்டும். பொய்யாக எழுதினால் தண்டம். இப்படி உண்மையைச் சட்டப்படி கேட்கிற துறைக்கு, 'நான் இறக்குமதி செய்தது நகைப் பொருள்' என்று நான் எப்படிக் கையெழுத்திடுவேன்? அது பொய் என்று எனக்குத் தெரியும். நாளை வேறொரு அதிகாரி அதே காகிதத்தை எடுத்து, 'போன முறை நகை என்றீர்களே, இந்த முறை ஏன் ஊசி என்கிறீர்கள்?' என்று கேட்டால் என்னிடம் என்ன பதில் இருக்கும்? சில நூறு ரூபாய்க்காக நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே பொய் இருக்கக் கூடாது என்பதற்காகப் பிடிக்கிறேன்.

மறுமதிப்பீட்டை இறக்குமதி செய்தவர் ஏற்காவிட்டால், காரணங்களை விளக்கி 15 நாட்களுக்குள் எழுத்து ஆணை தர வேண்டும் என்று 17-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு சொல்கிறது. நாங்கள் ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். 15 நாட்கள் கடந்துவிட்டன. ஆணை வரவில்லை. ஆணை வந்தால்தானே மேல்முறையீட்டுக்குப் போக முடியும்? சரக்கு வருவதற்கு முன்பே அதன் வகைப்பாடு எது என்று முன்கூட்டியே தீர்ப்புப் பெறலாமே என்று சிலர் சொன்னார்கள். 2021 முதல் அதற்கென ஆணையம் இருக்கிறது, உண்மைதான். அது டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்ச் சரக்குக்காக அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாடும் வசதி மாதம் ஒன்பதாயிரம், பத்தாயிரம் சம்பாதிக்கும் பெண்களுக்கு ஏது? கப்பல் கப்பலாக எஃகு இறக்குபவர்களுக்கு அந்தக் கதவு உதவும். எங்களுக்கு அது மூடிய கதவுதான்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து தொடங்கியது என்றும் தேடிப் பார்த்தேன். உலகச் சுங்க அமைப்பின் அட்டவணையில் ஒரு காலத்தில் தையல், இழையோட்டும், பூவேலை ஊசிகளுக்கு 7319.10 என்று தனி எண் இருந்தது. 2007-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. அன்றிலிருந்து கை ஊசிகள் எல்லாம் 'மற்றவை' என்ற மூட்டைக்குள், 7319.90-க்குள் போய்விட்டன. பெயர் போனதும் அடையாளமும் போய்விட்டது. ஆறு இலக்கம்வரைதான் உலகம் முழுவதற்கும் பொது. அதற்குக் கீழே ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் பிரித்துக்கொள்ளலாம். அமெரிக்கா அப்படிப் பிரித்திருக்கிறது. தையல், இழையோட்டும், பூவேலை ஊசிகளுக்கு 7319.90.10 என்று ஒரு வரிசை, அடிப்படை வரி கிடையாது. மீதிக்கு 7319.90.90, அடிப்படை வரி 2.9 சதவீதம். மணி ஊசி இதில் எந்தப் பக்கம் என்ற கேள்வி அங்கேயும் எழத்தான் செய்யும். ஆனால் அங்கே கேள்வி ஒரே தலைப்புக்குள் முடிந்துவிடும். இங்கே எங்கள் ஊசி 73-ஆம் அத்தியாயத்திலிருந்து 84-க்கும், 84-இலிருந்து 71-க்கும் தாவிக்கொண்டிருக்கிறது.

இன்னும் இரண்டு வகை ஊசிகளைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த பார்சலில் அவையும் வரும், அப்போது நான்காவது பெயர் ஒன்று வேண்டாம். ஒன்று முறுக்குக் கம்பி ஊசி. மெல்லிய கம்பியை மடித்து முறுக்கியிருப்பார்கள், மடிந்த இடமே காது. மணிக்குள் இழுக்கும்போது அந்தக் காது நசுங்கிக் கொடுக்கும். முத்துக்கு நூல் கோப்பவர்கள் பயன்படுத்துவது. இன்னொன்று பிளவு ஊசி. இரண்டு மெல்லிய கம்பிகளை இரு முனைகளிலும் பற்றவைத்திருப்பார்கள். நடுவில் நகத்தால் பிரித்தால் ஊசி முழுவதுமே காது. பார்வை மங்கியவர்களுக்கு இது வரப்பிரசாதம். இரண்டும் பார்ப்பதற்கு வெறும் கம்பித் துண்டு போல இருக்கும். 'கம்பியால் செய்த பொருள்' என்று 7326-இல் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. இரும்பிலோ எஃகிலோ செய்திருந்தால் அவையும் கை ஊசிகளே. பித்தளையில் செய்தால் 74-ஆம் அத்தியாயம் என்பது எங்களுக்கும் தெரியும், அதில் சண்டைக்கு வரமாட்டோம்.

நான் இதை எழுதுகிற வீட்டிலிருந்து அரிக்கமேடு நடக்கும் தூரம். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். அதற்கும் முன்பே, மண்ணிலிருந்து சிறுவர்கள் பொறுக்கி வந்த மணிகளையும் கற்களையும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கவனித்திருந்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியர்களோடு வாணிகம் நடந்த துறை அது. கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டுதுண்டாக நறுக்கி, சின்னஞ்சிறு மணிகளாக்கிக் கடல் கடந்து அனுப்பிய கைகள் இந்த ஆற்றங்கரையில் இருந்தன. இன்றும் மழை பெய்து ஓய்ந்தால் அந்த மண்ணில் கடுகளவு மணிகள் கண்ணில் படும். இந்த ஊரில் மணி கோப்பதைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் வீட்டு வாடகையும் இதில்தான் வருகின்றன.

எனவே கேட்கிறேன்.

முதலில், எங்கள் பார்சல். அதைத் திறந்து ஊசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 7319 90-இல் வகைப்படுத்தி விடுவியுங்கள். அப்படிச் செய்ய முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை 17-ஆம் பிரிவு சொல்வதுபோல் எழுத்தில் தாருங்கள். தாமதம் உங்கள் பக்கம் நேர்ந்தது என்பதால், அந்த நாட்களுக்கான கிடங்கு வாடகையை எங்கள் தலையில் போடாதீர்கள்.

அடுத்து வாரியத்திடம். வகைப்பாடு நாடு முழுவதும் ஒரே சீராக இருப்பதற்காக அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் வழங்க, 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 151ஏ பிரிவு உங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. இரும்பு அல்லது எஃகாலான மணி கோக்கும் கை ஊசிகள் 7319 90-இல் அடங்கும் என்று, நீள ஊசி, குட்டை ஊசி, முறுக்குக் கம்பி ஊசி, பிளவு ஊசி ஆகிய நான்கையும் பெயர் சொல்லி, ஒரு சுற்றறிக்கை வெளியிடுங்கள். அதோடு ஒரு படமும் போடுங்கள். இயந்திர ஊசியின் காது எங்கே, மணி ஊசியின் காது எங்கே என்று அந்தப் படம் காட்டினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

உலகச் சுங்க அமைப்பின் அட்டவணையின் புதிய பதிப்பு 2028 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதற்கேற்ப நம் அட்டவணையையும் திருத்தி எழுதத்தான் போகிறீர்கள். அப்போது 7319 90-க்குக் கீழே, கையால் தைக்க, பூவேலை செய்ய, மணி கோக்கப் பயன்படும் ஊசிகளுக்கு எட்டு இலக்கத்தில் தனி எண் ஒன்றை ஏற்படுத்துங்கள். 'மற்றவை' என்ற சொல்லுக்குள் எங்கள் கருவியைத் தேட வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. சிறு பார்சல்களின் வகைப்பாட்டை மாற்றும்போது, மாற்றியதற்கான காரணத்தை இரண்டு வரி தமிழிலும் எழுதி அனுப்புங்கள். எங்கள் குழுவில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் நான் ஒருத்திதான். நான் ஊரில் இல்லாத நாளில் வந்த கடிதம் ஒன்று ஆறு நாட்கள் அலமாரியில் கிடந்தது.

நேரில் விளக்கம் வேண்டும் என்றால் நாளும் இடமும் சொல்லுங்கள். அக்காவும் நானும் வருகிறோம். ஒடிந்த 12-ஆம் எண் ஊசி, கடையில் வாங்கிய 10-ஆம் எண் ஊசி, இயந்திர ஊசி ஒன்று, ஒரு கிண்ணம் 15-ஆம் எண் மணி, இவ்வளவையும் கொண்டு வருகிறோம். உங்கள் மேசையிலேயே கோத்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
அரியாங்குப்பத்திலிருந்து ஒரு மணிவேலைக்காரி,
உடன் வேலை செய்யும் ஏழு பெண்களின் சம்மதத்தோடு